காலர் இல்லாத சட்டை

முப்பத்தோரு வருடம் ஆடைத் தொழிற்சாலையில் அவள் தைத்தது சட்டைக் காலர் மட்டும்தான். கையும் பையும் பட்டனும் வேறு வரிசைக்காரர்களின் வேலை. ஒரு முழுச் சட்டையைத் தன் கையால் முடித்துப் பார்க்காமலேயே ஓய்வு பெற்றாள்.

ஓய்வூதியம் ஒற்றை அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருந்தது. ஜன்னலோரம் காலால் மிதிக்கிற பழைய தையல் மிஷின் ஒன்று. நடுவில் நைந்துபோன படுக்கைவிரிப்பின் ஓரங்களை வெட்டி, நான்கு நாள் ஆற அமரத் தைத்து, தனக்கென்று ஒரு சட்டை முடித்தாள். இரண்டு இடத்தில் பிரித்துத் தைத்தாள். அதட்ட மேற்பார்வையாளர் இல்லை. நடுவே எழுந்து டீ போட்டுக் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"புதுசா ஒண்ணு வாங்கித் தந்திருப்பேனேம்மா. அது சரி, காலரை மறந்துட்டியா?"

"மறக்கலடி. இனிமே என் ஆயுசுல காலர் தைக்கிறதா இல்ல. கழுத்தாவது காத்தாட இருக்கட்டும்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. போட்டுப் பார்த்தாள், தோள் கச்சிதமாக இருந்தது. கழற்ற மனமில்லாமல் அதோடேயே மத்தியானம் ஒரு தூக்கம் போட்டாள். அம்மா மிச்சத் துணியை விரித்து, இன்னொரு சட்டைக்குத் தேறுமா என்று சாண் போட்டு அளக்க ஆரம்பித்தாள்.