கவலை இலாகா

எங்கள் விசைத்தறிக் கூடத்தில் இப்போது கரண்டு போனால் நான் வெளியே ஓடிவந்துவிடுகிறேன். தறிகள் சட்டென்று நின்றுபோகும் அமைதியில், பக்கத்துத் தறியிலிருந்து அண்ணாச்சி பேச ஆரம்பித்துவிடுவார் போலிருக்கிறது. அவர் போய் ஏழு மாதம் ஆகிறது.

கரண்டு இல்லாத நேரமெல்லாம் எங்களுக்குப் பேச்சிலேயே கட்டிய வேறொரு நாடு இருந்தது. தறி ஓடும்போது வாயசைவும் கைச்சாடையும்தான், காது கேட்காது. நின்றால் அந்த நாட்டு நடப்பு. அண்ணாச்சிதான் ராஜா. அங்கே தேர்தலில் தோற்றவன்தான் ஆள வேண்டும், அது அவனுக்குத் தண்டனை. மனுவை ஆட்டிடம் கொடுக்க வேண்டும். தின்றுவிட்டால் அன்றைக்கே தீர்வு, தின்னாவிட்டால் அடுத்த ஆட்டுக்கு மாற்றுவார்கள். நெய்த சேலையெல்லாம் கிழக்கு வாசல் வழியாக ஏற்றுமதியாகி, ஊரைச் சுற்றி, மேற்கு வாசல் வழியாக இறக்குமதியாகும். எல்லாருக்கும் வேலை உண்டு. உடுத்தத்தான் சேலை இருக்காது.

எனக்குக் கவலை இலாகா. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும், கவலைப்படுவதில் நான் பெரிய படிப்பு படித்தவன் என்று கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போகிற ஆள். குடிமக்கள் தங்கள் கவலையை என்னிடம் ஒப்படைக்க வேண்டும். "பதிஞ்சாச்சு" என்று நான் சொல்லிவிட்டால் அப்புறம் அவர்கள் அதை நினைக்கக் கூடாது, நான் வெளியே சொல்லக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான்தான். மகளுக்கு மாப்பிள்ளை அமையவில்லை, கிணறு வற்றுகிறது என்று ஒவ்வொருவராகக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். நான் வீட்டுக்குக் கொண்டுபோய் நிஜமாகவே கவலைப்பட்டேன்.

ஒரு மத்தியானம் கரண்டு போனதும் அண்ணாச்சி கையை உதறிக்கொண்டே வந்தார்.

"ஏலே மந்திரி, இதையும் பதிஞ்சுக்கோ. ரெண்டு நாளா இடது கை மரத்துப் போவுது. நெஞ்சுல கல்ல வச்சாப்ல இருக்கு."

டாக்டரிடம் போங்கள் என்றேன். மந்திரி கவலைதான் படலாம், உத்தரவு போடுவது ராஜா வேலை என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "பதிஞ்சாச்சு அண்ணாச்சி" என்றேன். அவர் முகம் உண்மையிலேயே தெளிந்துவிட்டது.

நான்தான் நான்கு நாள் தூங்கவில்லை. அவர் மனைவி, எனக்கு மதினி முறை, அவர்களிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அந்தத் தெரு முக்கு வரைக்கும் போனேன். இவன் எதற்குத்தான் பயப்படமாட்டான் என்று கேலி பண்ணுவார்களே என்று திரும்பிவிட்டேன். ஐந்தாம் நாள் புளியங்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

பதினாறாம் நாள் விசேஷத்தில் மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்களிடமாவது ஏதும் சொன்னாரா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியானால் அவருக்கே தெரிந்திருக்காது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் எழுந்து நடமாடினார்கள்.

போன மாதம் மார்க்கெட் பக்கம் மதினி என்னை நிறுத்தினார்கள்.

"உம்மகிட்டச் சொன்னா மனசு லேசாவுதுன்னு அவிய சொல்லுவாவ. எனக்குக் காலைல எந்திச்சா தல கிறங்குது. நீரு வச்சுக்கிடும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

"வச்சுக்கிட மாட்டேன் மதினி. இப்பமே ஆஸ்பத்திரிக்கு வாங்க."

இதற்கு எதற்கு இவ்வளவு அவசரம் என்றார்கள்.

"அண்ணாச்சி எங்கிட்டச் சொன்னாவ மதினி. நெஞ்சு அமுக்குதுன்னு சொன்னாவ. நாந்தான் உங்ககிட்ட வந்து சொல்லல."

"என்னைக்கி?"

"போறதுக்கு அஞ்சு நாளைக்கு முந்தி."

காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் நடந்தார்கள். நான் பின்னாலேயே போனேன். பிரஷர் ஏறிக் கிடக்கிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்களாம். அதை வாசலில் நின்ற என்னிடம் மதினி சொல்லவில்லை. மருந்துக் கடைக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது நான் எதிரே வந்தால் தெருவை மாற்றிக்கொள்கிறார்கள்.

மாத்திரையை விடாமல் வாங்குகிறார்களா என்று கேட்பதற்காகவே வாரம் ஒரு தடவை அந்தக் கடைக்குப் போய், தேவையில்லாமல் தைலம் வாங்கிக்கொண்டு வருகிறேன்.