ஈர மணலில் வைத்த மருந்து

“குடிகாரருன்னு சொல்லுதியே, அவுக வாயில சாராய வாடையை நீ எப்பட்டி மோந்த?”

நிறைந்த குடத்தைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள் ஆவுடைத்தாய். பக்கத்து வீட்டு இராமலட்சுமி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“நானா மைனி சொன்னேன்? ஜெயில்காரங்க சொன்னதைத்தான் ஊரே சொல்லுது. சரக்கு கிடைக்காம கை கால் உதறித்தான் செத்தாகளாம்.”

“சீசனுக்குச் சீசன் அவுக வறுத்த சிப்ஸை ஓசியில தின்ன வாய்தான? பேசட்டும்.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆவுடைத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் புருஷன் சுடலைக்கண்ணு குற்றாலத்தில் சிப்ஸ் போடுகிறவர். கொதிக்கிற எண்ணெய்க்கு மேலேயே நேந்திரங்காயைச் சீவி விடுவார். ஒரு வில்லை இன்னொன்றோடு ஒட்டாது. ஆனால் தான் வறுத்ததில் ஒரு துண்டை வாயில் போடமாட்டார். சர்க்கரை நோய். காலையும் சாயங்காலமும் ஊசி போட்டாக வேண்டும். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. மண்சட்டியில் ஈர மணலைப் பரப்பி, நடுவில் சிறு பானையைப் பதித்து, அதற்குள் மருந்தை வைத்திருந்தார். மணல் காயாமல் தண்ணீர் தெளிப்பது இவள் வேலை.

போன சீசனில் கடை வாசலில் வண்டி நிறுத்துவதில் தகராறு. வெளியூர்க்காரர் ஒருவருக்குக் கை முறிந்துபோனது. விலக்கிவிடப் போன சுடலைக்கண்ணுவையும் வழக்கில் சேர்த்து ரிமாண்ட் செய்துவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் மருந்தை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு சிறை வாசலில் போய் நின்றாள்.

“வெளி மருந்து வாங்கக் கூடாதும்மா. உள்ள டாக்டர் வருவாரு,” என்றார் காவலர்.

“எப்ப வருவாரு?”

“வரும்போது வருவாரு.”

மனு போட்டு உள்ளே புருஷனைப் பார்த்தபோது அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடெல்லாம் வெடிப்பு.

“தாகம் அடங்க மாட்டேங்குது தாயி. சர்க்கரைன்னு சொன்னா காய்ச்சல் மாத்திரையைத் தாராங்க. வாந்தி எடுத்தா, சரக்குக்கு ஏங்குதான்னு சிரிக்காங்க.”

நினைவு தப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இரத்தத்தைச் சோதித்த டாக்டர் அவளைத்தான் கேட்டார், ஊசியை ஏன் நிறுத்தினீர்கள் என்று. அன்றைக்கே சுடலைக்கண்ணு போய்ச் சேர்ந்துவிட்டார்.

விசாரணைக்கு வந்த மாஜிஸ்திரேட்டிடம் அவள் அழவில்லை.

“உள்ள போற ஆளு மடியில பீடி இருக்கான்னு தடவிப் பாக்காங்கல்லா? உடம்புக்கு என்னன்னு அந்த வாசல்லயே ஒரு வார்த்தை கேக்கணும்யா. கொண்டு போற மருந்தை டாக்டர்ட்ட காட்டணும். தினமும் ஒரு டாக்டர் இருக்கணும். எம் புருஷனுக்கு இனி வேண்டாம். உள்ள இன்னும் எத்தனை பேரு கிடக்கானோ.”

எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. அவளும் விடாமல் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

குடத்தை இடுப்பில் ஏற்றி வீட்டுக்கு வந்தாள். மூலையில் அந்தச் சட்டி, மணல் காய்ந்து கிடந்தது. குடத்தை இறக்கிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

அவரைப் பிடித்து உள்ளே வைத்த அன்று காலை, ஊசி போட்டு முடித்ததும் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது.

“ஒரு கையெழுத்துதானாம். மத்தியானச் சோத்துக்கு வந்திருவேன். சாளைக் கருவாடு வை,” என்று சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அப்போதுதான் பானை அவள் கண்ணில் பட்டது. மருந்தையும் எடுத்துட்டுப் போங்க என்று வாய்வரை வந்தது. கையில் இருந்திருந்தால், ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட்டிடமாவது எடுத்துக் காட்டியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அன்று, காரியத்துக்குக் கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் ஆகாதே என்று வாயை மூடிக்கொண்டாள். மத்தியானம் வரத்தானே போகிறார்.

மணலில் தண்ணீர் தெளித்துவிட்டு அவள் வாசலுக்கு வந்தபோது, சுடலைக்கண்ணு கைவீசி நடந்து தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார்.