கூட்டினால் எட்டு வரும் பில்கள்

வலது கையின் ஆள்காட்டி விரல் பில்லின் மேல் மூலையில் உள்ள எண்ணைத் தொட்டு நகர்கிறது. மூன்று, ஒன்று, நாலு. எட்டு. இடது கை அந்தத் தாளை எடுத்து, மடிந்த ஓரத்தை நகத்தால் நீவி, கண்ணாடித் துண்டின் அடியில் வைக்கிறது. அடுத்தது மூன்று, ஐந்து, ஒன்பது. பதினேழு, ஒன்றும் ஏழும் எட்டு. அதுவும் கண்ணாடிக்கு அடியில் போகிறது. அடுத்த தாளில் எண்ணெய்க் கறை. சாக்பீஸ் தூளை அதன் மேல் ஒற்றி, எண் தெளியும் வரை கைகள் சும்மா இருக்கின்றன.

பதினோரு வருஷம் உறையூர் அச்சகம் ஒன்றில் பில் புத்தகம் தைத்த கைகள். மட்டுவார்குழலி பிளஸ் டூ வரைதான் படித்தவள். நம்பரிங் மிஷினை அழுத்துவதும், கிழிக்க வாகாகத் தாளில் துளை வரிசை போடுவதும், ஐம்பது ஐம்பதாகத் தைப்பதும் அவளுடைய வேலை. வரிக் கணக்கை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அச்சடித்த பில்களில் இருந்த கட்டங்களைப் பார்த்து, இது எதற்கு, அது எதற்கு என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு கணவர் ராசப்பனின் கிரில் பட்டறைக் கணக்கை அவளே எழுதினாள்.

அந்தக் கணக்கு அவளுக்கு அத்துப்படி. ராசப்பன் பத்தாயிரத்துக்குக் குழாயும் தகடும் வாங்கினால் கடைக்காரருக்கு ஆயிரத்து எண்ணூறு ஜி.எஸ்.டி. தருவார். அதில் ஒரு கேட் செய்து கே.கே. நகரில் ஒரு வீட்டுக்குப் பதினாறாயிரத்துக்கு விற்றால், வீட்டுக்காரர் இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது வரி சேர்த்துத் தருவார். அதில் முன்பே கொடுத்த ஆயிரத்து எண்ணூறைக் கழித்துக்கொண்டு, மீதி ஆயிரத்து எண்பதை ராசப்பன் அரசுக்குக் கட்டினால் போதும். வரி முழுவதையும் சுமப்பது கேட் வாங்கிய வீட்டுக்காரர்தான். நடுவில் இருப்பவர்கள் வாங்கிக் கைமாற்றுகிறவர்கள். ஆனால் கடைக்காரர் தன்னிடம் வந்த ஆயிரத்து எண்ணூறை அரசுக்குக் கணக்குக் காட்டாமல் வைத்துக்கொண்டால், ராசப்பன் கழித்தது செல்லாது. கொடுத்த வரியை வட்டியோடு அவரே இன்னொரு முறை கட்ட வேண்டும்.

அப்படித்தான் நோட்டீஸ் வந்தது. பதினாலு பில்கள் விற்றவர் கணக்கில் இல்லை. வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம். பதினாலும் ஸ்ரீரங்கம் மாம்பழச்சாலையில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஸ்ரீநாத் கொடுத்தவை. தகடு வளைக்கும் மிஷினை விற்றுப் பணத்தைக் கட்டிவிட்டு, கணவனும் மனைவியும் பஸ் ஏறிப் பாலம் தாண்டிக் கடைக்குப் போனார்கள். கடையில் ஏழெட்டு பேர் நின்றிருந்தார்கள். ராசப்பனுக்கு வழக்கமாக வேலை கொடுக்கும் கே.கே. நகர் கான்ட்ராக்டரும் அதில் ஒருவர்.

ஸ்ரீநாத் பில்களை வாங்கிப் பார்த்தார். எழுந்திருக்கக்கூட இல்லை.

"பில் நம்பரைப் பாருங்கம்மா. எல்லாமே கூட்டினா எட்டு. எட்டு எனக்கு ஆகாது, அந்த நம்பர்ல நான் பில்லே போடறதில்லை. ஊருக்கே தெரியும். உங்க வீட்டுக்காரர் எங்கேயாவது அடிச்சுக்கிட்டு வந்திருப்பாரு. நீங்கதான் அச்சாபீஸ்ல இருந்தவங்களாச்சே."

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். ராசப்பன் பில்களைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த மாதமே கான்ட்ராக்டர் வேலை கொடுப்பதை நிறுத்தினார். கள்ள பில் அடிக்கிற பட்டறை என்று பேச்சு பரவியது. இருபத்திரண்டு வருஷம் பட்டறை நடத்திய மனுஷன், டீக்கடைக்குப் போவதையும் விட்டார்.

மட்டுவார்குழலி அழவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதே அவள் மனசில் ஒரே ஒரு கேள்விதான். எட்டாம் நம்பரில் பில் போடாதவர், அந்த நம்பர் தாள்களை என்ன செய்கிறார்?

வரி அலுவலகத்தில் ரேஷ்மா என்ற அதிகாரி பதில் சொன்னார். ஸ்ரீநாத் அந்த எண்களை ஒவ்வொரு மாதமும் ரத்தான பில் என்று கணக்கில் காட்டியிருக்கிறார். கேட்டபோது ராசி என்றார்; கோடு போட்ட நகல்களையும் காட்டினார். திருச்சியில் எட்டு நம்பர் வண்டியை வாங்கக்கூட ஆள் யோசிப்பார்கள் என்பதால் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

"அசல் தாள் புத்தகத்துல இருந்துச்சாங்க மேடம்?" என்று கேட்டாள் மட்டுவார்குழலி.

ரேஷ்மா நிமிர்ந்து பார்த்தார். பில் ரத்தானால் அசலும் நகலும் சேர்ந்து புத்தகத்திலேயே இருக்க வேண்டும். பைண்டிங் செய்தவளுக்கு அது தெரியும். அசல் வெளியே போயிருந்தால் சரக்கும் போயிருக்கும். அதிகாரி யோசித்துவிட்டு, ஒரே ஒரு பட்டறையின் காகிதம் மட்டும் போதாது, வேறு இடங்களிலும் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்.

ஒன்பது பில்லுக்கு ஒன்று எட்டில் வரும். நூறுக்குப் பதினொன்று. அவற்றை ஸ்ரீநாத் கணக்குப் பார்க்காத சின்னப் பட்டறைகளுக்குத் தள்ளியிருக்கிறார். ஆளுக்கு ஒன்றோ இரண்டோ விடுபட்டால் யார் தேடப்போகிறார்கள்? ராசப்பனும் தேடமாட்டார் என்று நம்பி, அவருக்கு மட்டும் பதினாலு தள்ளிவிட்டார்.

பதினோரு மாதம் அவள் பட்டறை பட்டறையாக அலைந்தாள். முசிறியில் மயிலம்மாள் என்பவர் பில்களைக் கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருந்தார். நான்கு வருஷத்துக் கம்பிகளை உருவித் தேடியதில் ஐந்து கிடைத்தன. கட்டில் செய்யும் நஸ்ருல்லா கடையில் மூன்று. அரியமங்கலத்தில் பெனடிக்ட் பீரோ பட்டறை வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, எட்டைக் கண்டாலே ஊரே ஓடுகிறது, எட்டைத் தேடி வருகிற முதல் ஆள் நீங்கள்தான் என்று கேலி செய்தார். ஆனால் அவர் கொடுத்ததுதான் எல்லாவற்றையும் விடப் பெரியது. நானூற்று நாலாம் பில்லுக்கு அவர் செக்கில் பணம் கட்டியிருந்தார். அது ஸ்ரீநாத்தின் வங்கிக் கணக்கில் வரவாகியிருந்தது. ரத்தான பில்லுக்குப் பணம்.

ராத்திரி சாப்பாட்டின்போது ராசப்பன் ஒருமுறை இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். அந்த ஆள் தூங்கக் கூடாது, அதற்குத்தான் என்றாள். மற்ற பட்டறைகளுக்காக அலைகிறேன் என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

பில்லை வெளியே அச்சடித்துக்கொண்டு வந்தார்கள் என்ற பேச்சுக்கும் அவளிடம் பதில் இருந்தது. ஸ்ரீநாத்தின் பில்களை எண்ணிட்ட மிஷினில் மூன்றின் மேல் வளைவு ஒரு மயிரிழை உடைந்திருக்கிறது. அவர் ஒத்துக்கொண்டு கணக்கில் காட்டிய, வேறு பட்டறைகளில் கிடைத்த 313லும் 315லும் அந்த உடைவு உண்டு. 314லும் அதே இடத்தில் உண்டு. கிழித்த ஓரத்தின் துளைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால், மூன்று தாள்களிலும் ஏழாவது துளை கொஞ்சம் விலகியிருக்கிறது. ஒரே புத்தகம்.

இருபத்து மூன்று பட்டறைகள், அறுபத்தொரு பில்கள் என்று சேர்ந்தபோது செய்தி மாம்பழச்சாலைக்குப் போய்விட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீநாத்தே உறையூருக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டிய பணம் முழுவதையும், மிஷின் வாங்கப் பணத்தையும் தருவதாகவும், அந்த பில் கட்டைத் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

ராசப்பன் மனைவியைப் பார்த்தார். "வாங்கிக்கலாமே குழலி. மிஷின் வந்தா வேலை வரும்."

அவள் திரும்பி, ஸ்ரீநாத்திடம் சொன்னாள்.

"பணம் வேண்டாங்க. அன்னைக்கு இவரை ஒரு வார்த்தை சொன்னீங்களே, அதே கடையில, அந்த கான்ட்ராக்டரை வச்சுக்கிட்டு, அது என் பில்லுதான்னு சொல்லுங்க. கட்டை அங்கேயே உங்க கையில தரேன்."

"நாலு பேர் முன்னாடி அப்படிச் சொன்னா நான் எப்படிம்மா வியாபாரம் பண்றது? நான் கடை வச்சிருக்கேன்."

"இவரும் பட்டறைதான் வச்சிருந்தாரு."

ஸ்ரீநாத் இன்னும் இருபதாயிரம் ஏற்றிச் சொன்னார். அவள் எழுந்து போய் அவருடைய செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். அவர் போன பிறகு ராசப்பன் அந்த நாற்காலியை எடுத்து உள்ளே போட்டார். பிறகு, வரி ஆபீசுக்குக் கூட நானும் வரட்டுமா என்று மட்டும் கேட்டார்.

இன்று திங்கட்கிழமை. கறை தெளிந்துவிட்டது, கடைசித் தாளும் எட்டுதான். பில்களை எண் வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே யாருடைய பட்டறை, என்ன தேதி, எவ்வளவு வரி என்று எழுதிய பட்டியலை மேலே வைத்து, ஓரத்தில் நான்கு துளையிட்டு, புத்தகம் தைப்பது போலவே அவள் தைக்கிறாள். மெழுகு நூலை இரண்டு முறை இழுத்து முடிகிறாள்.

வரி அலுவலகத்தில் ரேஷ்மா பட்டியலின் கடைசி வரி வரை படிக்கிறார். பெனடிக்டின் செக் நகலில் கொஞ்சம் நேரம் நிற்கிறார். இதைப் பதிவு செய்துவிட்டால் கடையில் சோதனை நடக்கும், அதன் பிறகு சமாதானம் ஆகிவிட்டது என்று வந்து நின்றால் நிறுத்த முடியாது, யோசித்துவிட்டீர்களா என்று கேட்கிறார்.

சோதனை பகலில், கடையில் ஆள் இருக்கும்போது நடக்குமா என்று மட்டுவார்குழலி கேட்கிறாள்.

பகலில்தான் என்கிறார் ரேஷ்மா.

பக்கத்தில் நிற்கும் ராசப்பன் பேனாவை எடுக்கிறார். பட்டறை உரிமையாளர் கையெழுத்து வேண்டிய இடத்தில் அவள் விரலை வைத்துக் காட்டுகிறாள். அவர் தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். மை காயும் வரை பார்த்திருந்துவிட்டு, அவள் அந்தக் கட்டை இரண்டு கைகளாலும் எடுத்து அதிகாரியிடம் கொடுக்கிறாள்.