மருத்துவ முகாமில் மாறிய பாலிசி

அவரை எல்லோரும் ‘வேண்டாம் அக்கா’ என்றுதான் சொல்வார்கள். சலவைக் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை, ஒரு மேசை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், கீழேயிருந்து ஏறிவரும் இஸ்திரி ஆவி. அதுதான் அவருடைய நிதி ஆலோசனை அலுவலகம். ஓய்வு பெறும்போது கைக்கு வந்த பணத்தை எங்கே போடலாம் என்று கேட்கத்தான் முக்கால்வாசிப் பேர் அந்தப் படிகளில் ஏறுவார்கள். “அந்தப் பங்கு ஏறுதாமே, வாங்கலாமா?” என்பார் ஒருவர். “வேண்டாம்.” “பணம் ரெட்டிப்பாகுமாமே?” என்பார் இன்னொருவர். “வேண்டவே வேண்டாம்.” தனக்குக் கமிஷன் வரக்கூடிய இடத்திலும் வேண்டாம் என்கிற ஆலோசகரை வேறெங்கே பார்ப்பது? முகம் சுளித்துக்கொண்டு இறங்கிப் போனவர்களும் கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடுவார்கள்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் விரட்டி விரட்டி வாங்க வைப்பார்: மருத்துவக் காப்பீடு. “பணத்தைப் பெருக்கறது அப்புறம். முதல்ல ஆஸ்பத்திரி பில்லுக்கு வழி பண்ணுங்க” என்பார். அப்படித்தான் பேருந்து ஓட்டுநர் ஒருவரையும், அவர் வேலையில் இருந்த காலத்திலேயே பிடித்து உட்கார வைத்து, இதயக் கோளாறு இருப்பதை மறைக்காமல் சொல்ல வைத்து, ஒரு பாலிசி எடுத்துக் கொடுத்திருந்தார். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குச் சில ஆண்டுகள் காத்திருந்தால்தான் காசு கிடைக்கும். அந்தக் காத்திருப்பும் ஒருவழியாக முடிந்தது. ஓட்டுநரும் ஓய்வு பெற்றார்.

ஒருநாள் காலை ஓட்டுநரின் மனைவி மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கணவருக்கு நெஞ்சுவலி வந்து அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர முடியாது என்று கையை விரித்துவிட்டது.

“அதெப்படி மாட்டேன்னுவான்? காத்திருப்புதான் முடிஞ்சு போச்சே!” என்று அக்கா போனை எடுத்தார்.

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். “அது பழைய பாலிசிம்மா. அதைத்தான் விட்டுட்டோமே. இலவச மருத்துவ முகாம்ல புதுசா மாத்திக் குடுத்தாங்க. புதுசுக்குக் காத்திருப்பு மறுபடி முதல்லேருந்தாம்.”

“எந்த முகாம்? என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?”

“உங்க தம்பியே மேடையில நின்னு பேசினாரும்மா. தம்பி சொன்னா என்ன, அக்கா சொன்னா என்னன்னு இவரு கையெழுத்துப் போட்டுட்டாரு.”

அக்கா எடுத்த போனை மேசைமேல் வைத்துவிட்டார்.

அவருடைய தம்பி உள்ளூர் வானொலியில் தினமும் காலையில் சந்தை நிலவரம் சொல்பவர். குழைவான குரல். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டுதான் பாதி ஊர் பல் துலக்கும். வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை உடைத்தது வேறு யாரோ என்றால் திட்டித் தீர்த்துவிடலாம். சொந்தத் தம்பி என்றால் என்ன செய்வது?

நேரே வானொலி நிலையத்துக்குப் போனார். தம்பி கேன்டீனில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“நான் சந்தையைப் பத்தி மட்டும்தான்க்கா பேசினேன். பாலிசின்னு ஒரு வார்த்தை என் வாயில வரல.”

“‘ஆஸ்பத்திரிச் செலவு தாறுமாறா ஏறுது, பழைய காப்பீடெல்லாம் இனிமே பத்தாது’ன்னு சொன்னது யாரு?”

“அது பொதுவான உண்மைதானே?”

“பாதி உண்மையைச் சொல்லிட்டு மைக்கைப் பாலிசி விக்க வந்தவன் கையில குடுத்தியே, மீதியை யாருடா சொல்றது?”

“என்னை வச்சு விக்கறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“பேசினதுக்குப் பணக் கவர் வாங்கும்போது தெரியலையா?”

தம்பி மீதிக் காபியை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோரும் இந்தப் பக்கமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அடுத்த முகாம் அந்த வார இறுதியிலேயே ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. அக்காவும் போய் வரிசையில் நின்றார். ஒரு பக்கம் இலவச ரத்தப் பரிசோதனை, மறுபக்கம் பெரிய திரையில் சிவப்பு எழுத்தில் சரிந்துகொண்டிருக்கும் பங்கு விலைகள். முதலில் நர்ஸ் பயமுறுத்துவார், அப்புறம் திரை பயமுறுத்தும், கடைசியில் டை கட்டிய விற்பனையாளர் ஆறுதல் சொல்லிப் பேனாவை நீட்டுவார். எலிப்பொறியைக்கூட இத்தனை ஒழுங்காக வைக்க மாட்டார்கள்.

நர்ஸ் அக்காவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். “ஐயோ, பிரஷர் ரொம்ப அதிகமா இருக்கே மேடம்!”

“இந்த மண்டபத்துக்குள்ள வந்ததுலேருந்துதாம்மா ஏறுது.”

விற்பனையாளர் பேசி முடித்ததும் அக்கா எழுந்து நின்றார். “சார், எனக்கு சர்க்கரை இருக்கு. பழைய பாலிசியை விட்டுட்டு உங்களுதை எடுக்கறேன். அடுத்த மாசமே அதனால ஆஸ்பத்திரியில படுத்தா பில்லு கட்டுவீங்களா?”

“அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்.”

“யாரு பார்த்துக்கறது? நீங்களா, நானா?”

மண்டபத்தில் சலசலப்பு. நிர்வாகி ஓடிவந்து, வெளியே போகும்படி மிகவும் மரியாதையாகச் சொன்னார். அக்கா போனார், வாசல் வரைக்கும்தான். உள்ளே நுழைகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் நிறுத்தி, “பழைய பாலிசியை விட்டுடாதீங்க. கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா உடனே ரத்து பண்ணுங்க, அதுக்கு இன்னும் நாள் இருக்கு” என்று தொண்டை கட்டும்வரை சொன்னார். காவலாளி அவரைத் தடுக்க வந்தார், கேட்டார், கடைசியில் தன் அப்பாவின் பாலிசியைப் பற்றிச் சந்தேகம் கேட்டார்.

அதற்குப் பிறகு சலவைக் கடைப் படிகளில் தினமும் கூட்டம். பலருக்குப் புதியதை ரத்து செய்து, பழையதற்குக் கெடு தாண்டும் முன்பே தவணை கட்ட வைத்துவிட்டார். சிலருக்குக் கெடு தாண்டியிருந்தது. ஓட்டுநரும் அவர்களில் ஒருவர்.

அவருக்காகக் காப்பீட்டுக் குறைதீர்ப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தார். விசாரணைக்கு வந்த நிறுவனப் பிரதிநிதி, ‘நல்லெண்ண அடிப்படையில்’ கட்டிய தவணையை மட்டும் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

“நல்லெண்ணமா? பையைத் திருடிட்டு, காலிப் பையை மட்டும் திருப்பிக் குடுக்கறதுக்குப் பேரு நல்லெண்ணமா?” என்று அக்கா மேசையைத் தட்டினார். அதிகாரி அமைதியாக இருக்கச் சொன்னார்; தவணை மட்டும்தான் என்று முடிவும் சொல்லிவிட்டார். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஓட்டுநர் கையெடுத்துக் கும்பிட்டார். “எனக்குச் சண்டை போடத் தெம்பில்லம்மா. விட்டுடுங்க.” கூரை மாற்றச் சேர்த்து வைத்திருந்த பணம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

தம்பி ஒருநாள் சந்தை நிலவரத்தின் முடிவில், “காப்பீட்டை மாற்றும் முன் நன்கு விசாரியுங்கள்” என்று மட்டும் அவசரமாகச் சொன்னார். முகாமைப் பற்றியோ, தான் அதில் பேசியதைப் பற்றியோ மூச்சுவிடவில்லை. பிறகு, வாங்கிய கவரை அப்படியே எடுத்துக்கொண்டு ஓட்டுநர் வீட்டுக்குப் போனார். ஓட்டுநரின் மனைவி கதவைப் பாதிதான் திறந்தார்.

“அந்தக் காசுல மாத்திரை வாங்கினா அவருக்குச் செரிக்காதுப்பா. ரேடியோவுல பேசறதா இருந்தா நடந்ததை முழுசாப் பேசு.”

தம்பி இன்னும் அதைப் பேசவில்லை. அக்காவும் அவரோடு பேசுவதில்லை. முகாம்கள் வேறு வேறு மண்டபங்களில் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. முகாம் விளம்பரப் பலகையில் இப்போது தம்பிக்குப் பதில் ஒரு நடிகரின் முகம். எங்கே பலகை வைத்தாலும் யாராவது ஒருவர் அக்காவுக்குப் போன் செய்துவிடுகிறார். அவரும் அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.