டில்லியின் ஹை-ஹேட் மைக்

இன்று லேப்டாப், எட்டு மைக் செருகும் ஆடியோ பெட்டி, ஒரு மூட்டை வயர் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர் போனேன். நண்பன் டில்லி வாசிக்கும் டிரம்ஸை அவன் வீட்டு மாடியிலேயே பதிவு செய்யத் திட்டம். டில்லிக்கு வேலை சாத்தாங்காட்டில், நாள் முழுக்கக் காதைத் துளைக்கும் சத்தத்தோடு இரும்புத் தகடு வெட்டும் மெஷினில்.

ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு மைக், லேப்டாப்பில் ஒவ்வொன்றுக்கும் தனி டிராக். கொஞ்சம் வாசித்ததைப் பதிவு செய்து, ஹெட்ஃபோனை அவனிடம் கொடுத்தேன்.

"ஹை-ஹேட் மைக் வேலை செய்யல மாமு," என்றான். ஹை-ஹேட் என்பது இடது காலால் மிதித்துக் குச்சியால் தட்டும் ஜோடித் தட்டு.

வயரை மாற்றினேன். மைக்கையும் மாற்றினேன். மறுபடி வாசித்துவிட்டு, பதிவானதை ஹெட்ஃபோனில் கேட்டான்.

"இன்னும் வர்ல."

மற்ற டிராக்குகளை நிறுத்திவிட்டு அதை மட்டும் கேட்டேன். சிக் சிக்கென்று தெளிவாக இருந்தது. டீ கொண்டுவந்த அவன் மனைவி மேரியிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்தேன்.

"நல்லா கேக்குதேண்ணா," என்றாள்.

டில்லி குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டான்.

"கொஞ்ச நாளாவே அந்த சத்தம் எனுக்குக் கேக்கல மாமு. கை பழக்கத்துல வாசிச்சிகினு கீறேன். மைக்கு ரிப்பேரா இருந்தா நல்லாருக்குமேன்னு பாத்தேன்."

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க," என்றாள் மேரி, என்னைப் பார்த்து.

அதன்பின் முழுப் பாட்டையும் வாசித்தான். ஒரு இடத்தில்கூடத் தாளம் பிசகவில்லை. நினைப்பெல்லாம் அவன் காதிலேயே இருந்ததால், நான்தான் பாட்டைச் சரியாகக் கேட்கவில்லை.

நல்ல காது டாக்டர் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "ஜலதோசம், சரியாப்பூடும்" என்கிற டிரம்மரை டாக்டரிடம் இழுத்துப்போன அனுபவம் இருந்தால், அதை முதலில் எழுதுங்கள்.