வெறும் வண்டி

வாரத்தில் மூன்று நாள் வாழைத்தாரும் என் மனைவியும் ஒரே வழியில் போக வேண்டியிருந்தது. தார் களக்காட்டிலிருந்து திருநெல்வேலி மண்டிக்கு. அவள் பாளையங்கோட்டைக்கு, டயாலிசிஸ் செய்துகொள்ள. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு பஸ் பயணம் அவளுக்கு முடியாமல் போயிற்று. எங்கள் பழைய வண்டியிலோ கதவே கயிறு போட்டுக் கட்டித்தான் நின்றது. ஒரு நல்ல பிக்கப் வாங்கிவிட்டால் இரண்டு காரியமும் நடக்கும் என்று நினைத்தேன்.

கடையில் இரண்டு வண்டி காட்டினார்கள். ஒன்றில் பின்சீட்டும் நாலு கதவும் உண்டு, தார் ஏற்றும் இடம் குட்டை. மற்றதில் முன்சீட்டு மட்டும், பின்னால் தாராளமான இடம்.

"நாலு கதவு வண்டிய எடுங்க அத்தான். அக்கா பின்னால காலை நீட்டிப் படுத்துட்டு வருவா" என்றான் மச்சினன்.

"இருவது தார் கொறையும்லா. எனக்கு உக்கார ஒரு எடம் போதும். நீங்க லோடைப் பாருங்க" என்றாள் அவள்.

அவள் வாயாலேயே அது வந்ததில் எனக்கு உள்ளூர நிம்மதி. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஆனாலும் நான் விவரமானவனாம். பாரம் ஏற்றாமல் லோடு வண்டியைப் பார்க்கக் கூடாது என்று அடம்பிடித்து, அந்த முன்சீட்டு வண்டியில் நாற்பது ஏத்தன் வாழைத்தாரை ஏற்றி, அவளையும் உட்காரவைத்து நாங்குநேரி வரை ஓட்டிப் பார்த்தேன். வண்டி அலுங்காமல் போனது. "தொட்டில்ல ஆட்டுத மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கடைப் பையன் மட்டும், "வெறும் வண்டியையும் ஒருக்க ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி" என்றான்.

"வெறும் வண்டி ஓட்டவா வே நான் வாங்குதேன்?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பாரம் இருந்தால் ஸ்பிரிங் அமுங்கிக் கொடுக்கும், காலியாக இருந்தால் வண்டி துள்ளும். வாழை போடுகிற எவனுக்கும் இது தெரியும். ஆனால் எங்களுக்கு மண்டிக்குப் போவதுதான் பயணம், திரும்பி வருவது ஒரு கணக்கே இல்லை. அவளுக்கு அப்படியில்லை. காலையில் தாரோடு தார் மாதிரி சுகமாகப் போவாள். சாயங்காலம் ரத்தத்தைச் சுத்தம் செய்து முடித்து, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல், காலி வண்டியில் திரும்புவாள். சேரன்மகாதேவி வரை பள்ளமும் வேகத்தடையும்தான். கண்ணை மூடியிருப்பாள். தூங்குகிறாள் என்று நானும் பேசாமல் விரட்டுவேன்.

எட்டு மாதம் ஆகியிருக்கும். அவள் சீட்டின் ஓரம், கியர் பக்கமாக, ரெக்சின் கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. புது வண்டி அல்லவா, எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"எலி பூந்துட்டு போலுக்கு" என்றேன்.

"ஆமா, எலியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள். அன்றைக்கே மருந்து வாங்கிச் சீட்டுக்கடியில் வைத்தேன்.

ஆவணியில் அவள் போய்விட்டாள். மறுநாள் சாம்பலைக் கரைக்கப் பாபநாசத்துக்குக் கிளம்பினோம். மச்சினன் ஓட்டினான். அஸ்திக் கலயத்தை இடது கையால் அணைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

கல்லிடைக்குறிச்சிக்கு முன்னால் ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. கைப்பிடி கதவுக்கு மேலே, இடது பக்கம் இருந்தது. என் இடது கையில் கலயம். அவளுக்கும் ஊசி குத்துவது இடது கையில்தான். அந்தக் கையால் எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். என் வலது கை தானாகவே சீட்டின் ஓரத்தைத் தேடிப் போய்ப் பிடித்தது. நாலு விரலும் அந்தக் கிழிசலுக்குள் போய் உட்கார்ந்தன.

எலிக்கு வைத்த மருந்து காலடியில் அப்படியே கிடந்தது.

மச்சினன் பிரேக்கில் காலை வைத்தபடி என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். "பைய போவட்டா அத்தான்?" என்றான்.

எட்டு மாதத்துக்கு மேல் அவளைக் கூட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறேன். ஒரு நாளும் நான் அவளிடம் இதைக் கேட்கவில்லை.