கழுவிய அட்டை

இடுக்கியால் உறையின் வாயைப் பிரித்து, உள்ளே இருக்கும் கடிதத்தை மெதுவாக உருவி, படிக்காமலே மைலோ டின்னுக்குள் போடுகிறார் மகேந்திரன். போர்முனையிலிருந்து யாரோ ஒரு சிப்பாய் எழுதிய காதலோ காய்ச்சலோ அந்த டின்னில் மடங்கிக் கிடக்கிறது. அவருக்கு உறைதான் முக்கியம். எந்த முகாமின் தபால், எந்தத் தணிக்கை முத்திரை, எந்த வழியாக வந்தது. "உள்ள உள்ளது அவன் சொந்த விசயம் லா. நமக்கு எதுக்கு?" என்பார். கேட்பதற்குப் பெருந்தன்மை மாதிரிதான் இருக்கும்.

போர்க்காலத் தபால் சேகரிப்பில் மலேசியாவின் ஈப்போ நகரில் அவரை மிஞ்ச ஆளில்லை. காப்புறுதி முகவராக இருந்து ஓய்வு பெற்றவர். உயிரோடு இருப்பவர்களிடம் சாவைப் பற்றிப் பேசியே வீடு கட்டியவர். அந்த வீட்டில் ஏர்கோன் ஓடும் ஒரே அறை உறைகளுக்கானது. "செத்தவன் கடுதாசிக்கு ஏர்கோன், உசுரோட உள்ளவளுக்குக் காத்தாடி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டுத்தான் தேநீர் வைப்பார் அவர் மனைவி புஷ்பலதா.

"ஈரம் பட்டா பூஞ்சணம் புடிச்சிரும்" என்று விளக்குவார் மகேந்திரன்.

"எனக்குப் புடிச்சா பரவால்ல" என்பார் புஷ்பலதா.

ஜப்பான்காரன் காலத்துத் தபாலில் அவரிடம் இல்லாமலிருந்தது ஒன்றே ஒன்று: சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துப் போகப்பட்ட தோட்டத் தமிழன் வீட்டுக்குப் போட்ட தபால் அட்டை. வெள்ளைக்காரக் கைதிகளின் அட்டைகள் ஏலத்துக்கு வந்துகொண்டே இருக்கும். நம் ஆட்களில் பலருக்கு எழுதத் தெரியாது. தெரிந்தாலும் அட்டை கிடைக்காது. கிடைத்தாலும் போய்ச் சேராது. இதைச் சொல்லும்போது மகேந்திரனின் குரல் தழுதழுக்கும். துக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. அபூர்வம் என்ற சொல் அவரை அப்படிச் செய்யும். அவர் தாத்தா தோட்டத்தில் கிராணியாக, ஆள்கணக்கு எழுதுகிறவராக இருந்தவர். அவர் சயாமுக்குப் போகவில்லை, ஆளனுப்பினார்.

அப்படியோர் அட்டை ஈப்போவுக்குப் பக்கத்தில் செமோரில் இருந்தது, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கும் கலாதேவி வீட்டுச் சாமி மேடையில். அவருடைய தாத்தா சன்னாசி சயாமிலிருந்து அனுப்பியது. பின்பக்கத்தில் யாரோ பென்சிலில் எழுதிக் கொடுக்க, அடியில் சன்னாசி ஊதா மையில் கைநாட்டு வைத்திருந்தார். அதன்பின் ஆள் வரவில்லை. அவருக்குப் படமில்லை, சமாதியுமில்லை. ஆகவே தீபாவளிக்கு முதல் நாள் படையலில், மற்ற வீடுகளில் படத்துக்கு வைக்கிற பொட்டை இந்த வீட்டில் அந்தப் பெருவிரல் ரேகையின் மேல் வைத்தார்கள். வருடா வருடம் வைத்ததில் குங்குமமும் எண்ணெயும் ஊறி, முன்பக்கத்துக்குக் கசிந்து, தபால் முத்திரையைத் தொட்டிருந்தன. கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்ததும் மகேந்திரனுக்கு நெஞ்சை அடைத்தது, முத்திரைக்காக.

"குடுக்குறீங்களா?" என்று கேட்டார்.

"தாத்தாவ யாராச்சும் குடுப்பாங்களா அண்ணே?"

கோலாலம்பூர்க் கண்காட்சியில் வைத்தால் ஊரே உங்கள் தாத்தாவைப் பார்க்கும் என்றார். அதற்கு மட்டும் மசிந்தார் கலாதேவி. "படையலுக்குள்ள கொண்டாந்துருங்க. அவரு இல்லாம எல போட முடியாது."

கறை படிந்த அட்டைக்குக் கண்காட்சிப் போட்டியின் நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். மகேந்திரன் அனுபவசாலி, அவசரப்படவில்லை. ஈரப் பஞ்சைத் தபால் முத்திரையின் ஓரத்தில் ஒற்றிப் பார்த்தார். தணிக்கை முத்திரையிலும் ஒற்றிப் பார்த்தார். மை அசையவில்லை. அட்டையைச் சோப்பு கரைத்த தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டார். பின்பக்கத்தைச் சோதிக்கத் தோன்றவில்லை. பின்பக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தெரியப் போவதில்லை. தண்ணீர் முதலில் சிவந்தது. பிறகு ஊதாவானது.

முன்பக்கம் புத்தம் புதிதாக இருந்தது. தங்கப் பதக்கம் கிடைத்தது. சட்டத்துக்குக் கீழே, 'பின்பக்கம்: செய்தி, கைநாட்டு' என்று அவர் முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்த குறிப்பு, அப்படியே இருந்தது.

படையலன்று காலை செமோருக்குப் போனார். இலை விரித்து, ஆட்டுக்கறியும் புது வேட்டியும் ஒரு பாட்டில் ஸ்டவுட் பீரும் வைத்திருந்தார்கள்.

"பாருங்க, எவ்ளோ சுத்தமா ஆயிருச்சு" என்று முன்பக்கத்தைக் காட்டினார் மகேந்திரன்.

கலாதேவி அட்டையைத் திருப்பினார். அடியில் விரலால் தடவினார். சன்னலுக்குப் பக்கத்தில் போய் மறுபடி பார்த்தார்.

"தாத்தா எங்க அண்ணே?"

"பேரு இருக்கு பாருங்க. முன்னவிட தெளிவா இருக்கு."

"பேரு வேற ஆளு எழுதுனது. கைதான் அவரு வச்சது."

"பழைய மை லா அது. என்னைக்கா இருந்தாலும் போயிரும்."

"எங்க வீட்டுல போகலையே."

மகேந்திரன் சட்டைப் பையிலிருந்து பதக்கத்தை எடுத்தார். "இத வேணா எல முன்னுக்கு வைங்க."

கலாதேவி பதக்கத்தைப் பார்க்கவில்லை. அட்டையை அவரிடம் நீட்டினார். "இதையும் நீங்களே வச்சுக்குங்க. இதுல எங்க ஆளு இல்ல."

மன்னிப்புக் கேட்கத்தான் மகேந்திரன் வாயெடுத்தார். அதற்குள் அட்டையை வாங்க அவர் கை நீண்டுவிட்டது. வாசலுக்கு வந்தவர், செருப்பை மாட்டும் முன் அட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்து, கலாதேவியின் விரல் அழுத்திய இடத்தில் மடிப்பு ஏதும் விழுந்திருக்கிறதா என்று நான்கு மூலைகளையும் பார்த்துக்கொண்டார்.